கணக்குக் கேட்பது கலகமா?

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் எண்பது குடும்பங்கள் உள்ள சபை எங்களுடையது. ஒழுகும் கூரையை மாற்ற இரண்டு வருடமாகக் காணிக்கை சேர்த்தோம். வேலை பாதியில் நிற்கிறது. வாட்ஸ்அப் குழுவில் சிலர் கணக்குக் கேட்டார்கள். அடுத்த ஞாயிறே பாஸ்டர், மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராகைப் பற்றிப் பிரசங்கித்தார். "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற வசனத்தைச் சொல்லி, கேள்வி கேட்பவர்களைத் துரோகிகள் என்றார். வாலிபர்கள் கொருக்குப்பேட்டையில் ஒரு ஹால் பார்த்துவிட்டார்கள். முன்பணம் கொடுப்பதுதான் பாக்கி. சபைக்கு உண்மையாயிருப்பது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதா? பிரிந்துபோவது பாவமா?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்பான சகோதரருக்கு,

கணக்குக் கேட்பது கலகம் அல்ல. ஆனால் கேட்க வேண்டிய முறையில் இன்னும் நீங்கள் கேட்கவில்லை. அதனால் முன்பணத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

பாஸ்டர் சொன்ன வசனம் சங்கீதம் 105:15. அதற்கு மேலே மூன்று வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். முற்பிதாக்கள் சொற்ப ஜனமாய், பரதேசிகளாய்த் திரிந்த காலத்தைப் பற்றிய பகுதி அது. அவர்களைத் தொடாதே என்று கர்த்தர் கடிந்துகொள்வது ராஜாக்களை. எளியவரைக் காக்க வந்த வசனத்தைக் காட்டிச் சபையாரை அடக்குவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. தாவீதும், அபிஷேகம்பெற்ற ராஜாவாகிய சவுல் தன்னைக் கொல்லத் தேடியபோதும், அவன் மேல் கைபோடவில்லை. ஆனால் என்கேதிக் குகையிலிருந்து வெளியே வந்து, தான் அறுத்தெடுத்த சவுலின் சால்வைத் தொங்கலைக் காட்டி, அவனிடமே உரக்க நியாயம் கேட்டான் (1 சாமுவேல் 24). கோராகு தேடியது ஆசாரியப் பட்டத்தை (எண்ணாகமம் 16:10). அதே அதிகாரத்தில் மோசே, ஜனங்களுடைய ஒரு கழுதையைக்கூடத் தான் எடுத்ததில்லை என்று சொல்லிவிடுகிறார்.

அந்த மோசே கணக்குக் கொடுத்த விதத்தை யாத்திராகமம் 38-இல் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்துக்கு எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். ஆளுக்கு அரைச் சேக்கல் (அக்கால எடை) வெள்ளி. 3,000 சேக்கல் ஒரு தாலந்து என்றால், மொத்தம் 100 தாலந்தும் 1,775 சேக்கலும். 100 தாலந்து கூடாரத்தைத் தாங்கும் 100 பாதங்களுக்கு (அடிப்பீடங்களுக்கு) போனது, பாதத்துக்கு ஒரு தாலந்து. மிச்சம் 1,775 சேக்கல் தூண்களின் பூண்களுக்கும் தகடுகளுக்கும். ஒரு சேக்கல்கூட இடிக்கவில்லை. எண்ணும் பொறுப்பும் மோசேயின் கையில் இல்லை; அவர் கட்டளைப்படி ஆரோனின் மகன் இத்தாமார் பார்த்தார்.

உங்கள் கூரைக்கும் இதே கணக்குப் போதும். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, வங்கிப் பாஸ்புக், கம்பி சிமெண்ட் கடை பில், மேஸ்திரி கையெழுத்திட்ட கூலி வவுச்சர், இந்த நான்கையும் தேதிவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிக்கட்டையின் கூட்டுத்தொகை பாஸ்புக்கில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் உடனே திருட்டு என்று எண்ண வேண்டாம். வசூலான ரொக்கத்தை வங்கியில் கட்டாமல் நேரே கூலியாகக் கொடுத்திருக்கலாம். வசூலிப்பவரும் செலவழிப்பவரும் எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் இப்படித்தான் ஆகும்.

கேட்கும் முறை மத்தேயு 18:15-17. முதலில் தனியாக, பிறகு இரண்டொருவரோடு, அதற்கும் இணங்காவிட்டால் சபைக்கு முன். குழுவில் போட்டவர்கள் மூன்றாவது படியில் முதலில் கால் வைத்துவிட்டார்கள். பாஸ்டரும் தனியாகப் பேச வேண்டியதைப் பிரசங்க பீடத்தில் பேசிவிட்டார். இரண்டாவது படியில் நடக்கும் தவறு, உங்கள் கட்சிக்காரர்களையே சாட்சியாக அழைத்துப் போவது. பாஸ்டர் மதிக்கும் மூப்பர் ஒருவராவது கூட வரட்டும்.

எப்படிப் போவது என்பதற்கு யோசுவா 22-ஐவிட நல்ல பகுதி எனக்குத் தெரியாது. ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் யோர்தான் ஓரத்தில் பெரிய பலிபீடம் கட்டினார்கள் என்று கேட்டு, மற்ற இஸ்ரவேலர் யுத்தத்துக்காகச் சீலோவில் கூடிவிட்டார்கள். ஆனாலும் முதலில் ஆசாரியனின் மகன் பினெகாசையும், கோத்திரத்துக்கு ஒருவராகப் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள். அவர்கள் கடுமையாகவே கேட்டார்கள். கூடவே, உங்கள் தேசம் தீட்டாயிருந்தால் இக்கரைக்கு வந்து எங்கள் நடுவே காணியாட்சி எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். தங்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கத் தயாராய்ப் போனார்கள்! அது பலியிடக் கட்டியதல்ல, பிற்காலப் பிள்ளைகளுக்குச் சாட்சியாகக் கட்டியது என்று விளங்கியது, யுத்தம் நின்றது. நீங்களும் கணக்குக் கேட்கும்போதே, பாக்கி வேலைக்கு உங்கள் வீட்டார் தரும் தொகையையும் சொல்லுங்கள்.

கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் வையுங்கள். வார நாள் மாலையில் வைத்தால் துறைமுகத்தில் ஷிப்ட் பார்ப்பவர்களும் காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்களும் விடுபட்டுப்போவார்கள். கணக்குக் குழுவில் குறை சொன்னவர்களில் இருவரைச் சேருங்கள். அப்போஸ்தலர் 6-இல் கிரேக்க மொழி பேசிய யூத விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் குறை நேர்ந்தபோது தெரிந்தெடுத்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள்தான்.

இத்தனைக்கும் பிறகு கணக்குத் திறக்கப்படாவிட்டால் பிரியலாம். அதைப் பாவம் என்று சொல்ல மாட்டேன். முன்பு தங்களை விட்டுப் பிரிந்துபோன மாற்குவை மறுபடி அழைத்துப்போவதா என்பதில் பவுலும் பர்னபாவும் கடும் வாக்குவாதமாகி வேறு வேறு வழியாகப் போனார்கள். பின்னாளில் அதே மாற்குவை அழைத்துவரும்படி பவுல் எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). போகிறவர்கள் சபையின் ஆர்மோனியத்தையும் மைக் செட்டையும் தொடக் கூடாது, வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கக் கூடாது. அந்த எண்பது வீட்டில் எங்கே துக்கம் என்றாலும் இரு தரப்பாரும் கல்லறைத் தோட்டம் வரை சேர்ந்தே போக வேண்டும்.

கிறிஸ்துவுக்குள்.