அப்பாவின் வாட்ச் இரவில் 84 காட்டுகிறது

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. நான்கு வருடமாக சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது, நிமிடத்துக்கு 1 லிட்டர் வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் வாங்கிக்கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் இரவில் ரத்த ஆக்சிஜன் அளவை அடிக்கடி 84, 85 சதவீதம் என்று காட்டுகிறது, என் போனில் அலாரம் அடிக்கிறது. 90-க்குக் கீழே போனால் மூளை பாதிக்கும் என்று இணையத்தில் படித்தேன். பயந்துபோய் பத்து நாளாக இரவில் 3 லிட்டர் வைக்கிறேன். தூக்க ஸ்கோர் மோசமாக இருப்பதால் அம்மாவின் தூக்க மாத்திரையில் பாதி கொடுக்கிறேன். நாடித்துடிப்பு 92, ஸ்ட்ரெஸ் அதிகம், ஒரு நாள் நடை 600 காலடிதான் என்கிறது வாட்ச். காலையில் தலை வலிக்கிறது என்கிறார், பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார், வயதாகிவிட்டது அல்லவா. தூக்கத்திலேயே அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் விழித்தே கிடக்கிறேன். வாட்சை நம்பலாமா?

பதில்: காலையில் தலைவலி, பகலில் தூக்கம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது இந்த வரி மட்டும்தான். இதை வயதின் மேல் போடாதீர்கள். பத்து நாளாக ஆக்சிஜனைக் கூட்டி, தூக்க மாத்திரையும் கொடுத்துவரும் ஒரு சிஓபிடி நோயாளிக்கு இப்படி இருந்தால், ரத்தத்தில் கரியமில வாயு சேர்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதை எந்த வாட்சும் காட்டாது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் காட்டாது. ஆக்சிஜன் எண் 97 என்று அழகாக நிற்கும்போதே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கலாம்.

சிஓபிடி உள்ள சிலருக்கு உள்ளே போகும் காற்றைவிட வெளியே வர வேண்டிய காற்றுதான் பிரச்சினை. அவர்களுடைய நுரையீரல் ஒரு சமாளிப்பு வேலை செய்துவைத்திருக்கும். காற்று சரியாகப் போகாத பகுதிகளில் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, நன்றாக வேலை செய்யும் பகுதிகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டிருக்கும். தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் அந்தச் சுருக்கம் விட்டுப்போகிறது. கெட்டுப்போன பகுதிகளுக்கும் ரத்தம் பாய்ந்து, கரியமில வாயுவை வெளியேற்றாமலே திரும்பி வருகிறது. மூச்சு விடும் உந்துதலும் கொஞ்சம் தணிகிறது. அதன்மேல் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு இன்னும் மேலோட்டமாகிவிடும். முதலில் காலைத் தலைவலி, அப்புறம் பகல் தூக்கம், பிறகு குழப்பமான பேச்சு என்று அது வளரும்.

அதனால்தான் இப்படிக் கரியமில வாயு சேரக்கூடியவர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று வைத்திருக்கிறோம். 98-க்கு ஆசைப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 405 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்சிலேயே 88–92 என்று அளந்து ஆக்சிஜன் பெற்றவர்களிடம் இறப்பு, வழக்கம்போல் தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. ஆக்சிஜன் ஒரு மருந்து, அதற்கு டோஸ் உண்டு. இணையத்தில் நீங்கள் படித்த 90 என்ற கோடு உங்கள் அப்பாவை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. வாட்ச் அலாரத்தைப் பார்த்து ஆக்சிஜன் ஓட்டத்தை மூன்று மடங்காக்குவதும், ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பதும் இனி வேண்டவே வேண்டாம். பாசத்தில் செய்தது என்று புரிகிறது. ஆனாலும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று செய்ய வேண்டியது இதுதான். ஓட்டத்தை டாக்டர் சொன்ன 1 லிட்டருக்கே கொண்டுவாருங்கள். பயத்தில் அடியோடு நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் ஆக்சிஜன் முன்பு இருந்ததைவிடவும் கீழே விழலாம். தூக்க மாத்திரை இன்றிரவு கிடையாது. அவருடைய மருத்துவரை இன்றே அழைத்து, 3 லிட்டர் வைத்ததையும் மாத்திரை கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் ஏபிஜி பரிசோதனைதான் கரியமில வாயுவைச் சொல்லும். கூப்பிட்டால் எழுப்ப முடியவில்லை, பேச்சு குழறுகிறது, ஆளோ நேரமோ தெரியாமல் பேசுகிறார், கைகளை முன்னே நீட்டி விரல்களை நிமிர்த்தச் சொன்னால் மணிக்கட்டு விட்டுவிட்டுப் படபடக்கிறது என்றால் போன் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. சிஓபிடி உள்ளவர், வீட்டில் ஆக்சிஜன் எடுக்கிறார் என்று உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள்.

சரி, வாட்சுக்கு வருவோம். விரல் ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அனுப்பி அளக்கிறது. மணிக்கட்டில் அப்படி ஊடுருவிப் போக வழியில்லை. தோலில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் வாட்ச் கணக்குப் போடுகிறது. அங்கே துடிப்பு மெலிதானது. பட்டை தளர்ந்தாலும், கை குளிர்ந்தாலும், கையை உடம்புக்கு அடியில் வைத்துப் புரண்டு படுத்தாலும் எண் சரியும். பல வாட்ச்கள் இந்த அளவு மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று தாங்களே எழுதியிருக்கின்றன. நல்ல விரல் ஆக்சிமீட்டரிலேயே இரண்டு மூன்று புள்ளிகள் முன்னே பின்னே வரும்.

தவறு எப்போதும் கீழ்ப்பக்கமாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை நல்ல எண் காட்டியும் ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். கருமையான தோலில் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், மூச்சு வாங்கும் மனிதரை எண் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

உங்களைத் தூங்கவிடாத பயத்துக்கு வருகிறேன். சிஓபிடி உள்ளவர்களுக்குத் தூக்கத்தில், அதிலும் கனவு காணும் நேரத்தில், ஆக்சிஜன் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான். வாட்சில் வந்துபோகும் ஒரு 84-ஐ வைத்து அவர் அந்த இரவில் போய்விடுவார் என்று சொல்லவே முடியாது. உண்மையிலேயே இறங்குகிறதா, எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால், விரலில் மாட்டி இரவு முழுக்கப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். பலமான குறட்டையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் சிஓபிடியோடு சேர்ந்து வருவதுண்டு. பகலில் பார்ப்பதென்றால் விரல் ஆக்சிமீட்டர் போதும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையைச் சூடாக்கி, எண் ஓரிடத்தில் நிலைக்கும்வரை பொறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாடித்துடிப்பு 92 மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை, சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுத்தாலே துடிப்பு ஏறும். ஸ்ட்ரெஸ் எண்ணையும் தூக்க ஸ்கோரையும் பார்ப்பதையே நிறுத்துங்கள். 600 காலடி என்பதும் குறைத்துக் காட்டியதாக இருக்கலாம். மெதுவாக நடந்தாலோ, வாக்கரைப் பிடித்தபடி நடந்தாலோ மணிக்கட்டு அசையாது, வாட்ச் எண்ணாது.

ஆனால் அதே 600, அதே வாட்சில், அதே மனிதருக்கு ஒரு வாரத்தில் 300 ஆனால் அது செய்தி. தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கையும் அப்படித்தான், அவருடைய வழக்கத்தைவிட இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் கவனியுங்கள். அப்போதும் வாட்சைக் கேட்காமல் அவரைக் கேளுங்கள். மூச்சிரைப்பு கூடியிருக்கிறதா, சளி அதிகமாகியிருக்கிறதா, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறதா? ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

வாட்ச் அவர் கையில் இருக்கட்டும். உங்கள் போனில் வரும் இரவு அலாரத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். டாக்டரை அழைக்கும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: ஓட்டத்தை எந்த நாள் கூட்டினீர்கள், மாத்திரையின் பெயரும் அளவும் என்ன, தலைவலி என்று தொடங்கியது. அவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.