ஸ்மித்சன்: கல்லும் கணக்கும்

இம்முறை வந்த கேள்விகளில் பாதி ஜேம்ஸ் ஸ்மித்சன் பற்றி. வேதியியலும் கனிமங்களும் ஆராய்ந்தவர், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக, ஆய்வு நிறுவனம் இவர் விட்டுப்போன சொத்தில் தொடங்கியது.

கே: ஸ்மித்சோனியனுக்குச் சொத்தை எழுதி வைத்த அமெரிக்கப் பிரபு எந்த ஊர்க்காரர்?

ப: அமெரிக்கரும் இல்லை, பிரபுவும் இல்லை. ஆங்கிலப் பிரபு ஒருவருக்கு மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. பிறந்தது பாரிஸ், 1829இல் இறந்தது ஜெனோவா. அமெரிக்கா பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

கே: காசுள்ளவர் பொழுதுபோக்குக்குக் கல் பொறுக்கியதெல்லாம் அறிவியலா?

ப: எங்கே போனாலும் இந்தப் பேச்சுதான். அவர் விட்டுப்போன ஐந்து லட்சம் டாலர் எல்லோருக்கும் தெரியும். எழுதியவற்றைப் புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. காலமைன் எல்லாம் ஒரே வகைத் துத்தநாகக் கல், அமிலம் பட்டால் நுரைப்பது அதில் கலந்த சுண்ணாம்பால்தான் என்று பிரெஞ்சுக் கனிமவியலாளர் ஹாவி போன்ற பெரிய கை சொல்லியிருந்த காலம். ஸ்மித்சன் நாலைந்து இடத்துக் கல்லை எடுத்து, எடை போட்டு, அமிலத்தில் கரைத்து, ஊதுகுழல் தீயில் காட்டிப் பார்த்தார். சில கார்பனேட், சில சிலிக்கா கலந்தவை, இரண்டும் வேறு வேறு கனிமம் என்று 1803இல் அச்சேற்றினார். அதே கட்டுரையில், சேர்மங்களில் கூறுகள் எளிய பின்னங்களாகவே சேர்கின்றன என்றும் எழுதினார். இதை அணுக்களைக் கொண்டு விளக்கிய டால்டனின் நூல் வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது. 1811இல் சிலிக்காவை அமிலமாகப் பார்க்கலாம் என்றார். ஒரு பெண்ணின் கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் பளிங்குப் பாத்திரத்தில் பிடிக்கப்போய், பாதி தவறிவிட, மிச்சமிருந்த அரைத்துளியைப் பகுத்து அதிலுள்ள உப்புகளைச் சொன்னார் என்று ராயல் சொசைட்டித் தலைவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அரைத்துளியில் வேலை செய்த மனிதரைப் பொழுதுபோக்கு என்கிறீர்கள். சரி, விடுங்கள்.

கே: படம் இணைத்துள்ளேன். இது ஸ்மித்சனைட்டா?

ப: ஊர் இல்லை, எடை இல்லை, பக்கத்தில் ஓர் அளவுகோல்கூட இல்லை. நிறத்தை நம்பாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? ஸ்மித்சனைட், அதாவது அவர் பெயரைப் பெற்ற கார்பனேட் வகைக் காலமைன், கைக்குக் கனமாக இருக்கும், தண்ணீரைப் போல நாலரை மடங்கு அடர்த்தி. இளஞ்சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைக்கும். சிலிக்கா கலந்த வகையான ஹெமிமார்ஃபைட் நுரைக்காது. பார்த்துவிட்டு எழுதுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு.

கே: அரிப்புக்குப் பூசும் காலமைன் இந்தக் கல்தானா?

ப: இப்போது புட்டியில் இருப்பது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு. இளஞ்சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால்.

கே: இந்தியாவோடு அவருக்குச் சம்பந்தம் உண்டா?

ப: உண்டு. மூங்கிலுப்பு, மூங்கில் கணுக்களுக்குள் உறைந்து கிடக்கும் வெள்ளைப் பொருள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே இயற்கை ஆய்வு செய்த பேட்ரிக் ரஸல் அனுப்பிய துண்டுகளை 1791இல் சோதித்து, அது ஏறக்குறைய முழுவதும் சிலிக்கா என்று கண்டார். ராயல் சொசைட்டியில் அவருடைய முதல் கட்டுரையே அதுதான். அப்போது ஜேம்ஸ் மேசி என்ற பெயரில் இருந்தார், தேடும்போது அதையும் போட்டுப் பாருங்கள்.

கே: கையெழுத்துப் பிரதிகள் எங்கே பார்க்கலாம்?

ப: 1865 ஜனவரியில் ஸ்மித்சோனியன் கட்டடத்தில் பிடித்த தீயில் பெரும்பாலானவை போய்விட்டன, கனிமச் சேகரிப்பும் சேர்த்து. அச்சில் வந்த 27 கட்டுரைகள் 1879 தொகுப்பில் உள்ளன.