ஆய்வகத்தில் வளர்த்த செல், இன்சுலின் ஊசியை நிறுத்துமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. நான்கு வருடமாக டைப் 1 சர்க்கரை நோய். தினமும் நான்கு ஊசி. இன்சுலின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து உடம்பில் வைக்கிறார்களாமே? ஓரிடத்தில் சில லட்சம் கட்டினால் ஸ்டெம் செல் சிகிச்சை செய்வதாகச் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாமா டாக்டர்?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும் அம்மா.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. ஆனால் அது வேறு, இவர்கள் விற்பது வேறு. இன்சுலினைச் சுரப்பவை கணையத்தின் பீட்டா செல்கள். டைப் 1 வந்தவர்களுக்கு அவர்களுடைய எதிர்ப்பு சக்தியே இந்தச் செல்களை அழித்துவிடுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மெல்டன் தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்தவர். கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு இந்த நோய் வந்ததும் பீட்டா செல் பக்கம் திரும்பினார். பிறகு மகளுக்கும் வந்தது. 2014-ல் அவருடைய குழு, வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து, சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்துக் காட்டியது.

அந்த வழியில் வந்த செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்திப் பார்த்தார்கள். 2025-ல் முடிவு வெளியானது: முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து ஊசியே தேவைப்படவில்லை. எல்லோரும் பெரியவர்கள், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து ஆபத்தைத் தொட்டவர்கள்.

சிக்கல் எங்கே என்றால், புதிதாக வந்த செல்லையும் உடம்பு சும்மா விடாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அந்தப் பரிசோதனையில் பங்கேற்ற ஒருவர் பூஞ்சைத் தொற்றால் வந்த மூளைக்காய்ச்சலில் இறந்தார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஊசியை விட்டுவிட்டு இதை வாங்கிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடையாளியின் செல்களில் மரபணுவைத் திருத்தி, எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமல் ஸ்வீடனில் ஒருவரின் கைத்தசையில் வைத்திருக்கிறார்கள். மாத்திரை இல்லாமலே அவை பிழைத்தன. இன்சுலின் என்னவோ கொஞ்சம்தான் சுரந்தது, ஊசி நிற்கவில்லை. இருந்தாலும் என் நம்பிக்கை இந்தப் பக்கம்தான்.

உங்களிடம் லட்சம் கேட்பவர்கள் பெரும்பாலும் கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ செல் எடுத்து ஏற்றுவார்கள். அது பீட்டா செல் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி இதைச் சிகிச்சையாக விற்கவே கூடாது. முறையான ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். செல் ஏற்றியாயிற்று என்று இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அந்தப் பணத்தில் சிறு பங்கு போதும், சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சாரை அவள் கையில் ஒட்டலாம். ராத்திரி தாழ்ந்தால் அது எழுப்பும். நீங்களும் கொஞ்சம் தூங்கலாம்.