கேள்வி – பதில்: பைபிளையும் திருத்திய சைவர்

கேள்வி: ஆறுமுக நாவலர் பைபிளை மொழிபெயர்த்தார் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். கிறித்தவத்தை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்தவர் அதை எப்படிச் செய்திருப்பார்?

பதில்: நண்பர் சொல்வது சரிதான், ஆனால் தனியாகச் செய்யவில்லை. 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுகம், யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் நடத்திய பள்ளியில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் படித்தார், பிறகு அங்கேயே ஆசிரியரானார். தமிழை ஏற்கெனவே சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் என்ற இரண்டு பெரிய வித்துவான்களிடம் கற்றிருந்ததால், பெர்சிவல் தம் பைபிள் மொழிபெயர்ப்புக்கு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நெற்றியில் திருநீற்றோடு அந்த வேலையைச் செய்தார், மதம் மாறவில்லை, மாறச் சொல்லிப் பெர்சிவல் கழுத்தைப் பிடித்ததாகவும் தெரியவில்லை.

இதில் லாபம் யாருக்கு என்று கேட்டால், சைவத்துக்குத்தான் என்பேன். மிஷனரிகள் எப்படிப் பிரசங்கம் செய்கிறார்கள், எப்படிப் பள்ளி நடத்துகிறார்கள், துண்டுப் பிரசுரத்தை எப்படி அச்சடித்து ஊர் முழுக்கப் பரப்புகிறார்கள் என்பதையெல்லாம் உள்ளே இருந்தே பார்த்தவர் அவர். 1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கினார், அடுத்த வருஷமே மிஷன் வேலையை விட்டுவிட்டு அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தார். பள்ளி வந்தால் பாடப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்கு அச்சுக்கூடம் வேண்டும். 1849இல் அச்சு யந்திரம் வாங்கத் தமிழகம் வந்த பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ பட்டம் கொடுத்தது.

பைபிளை வரிவரியாகப் படித்த பலன் 1854இல் வந்த ‘சைவதூஷண பரிகாரம்’ நூலில் தெரிகிறது. ‘கோயில், பலி, தூபம், தீபம் எல்லாம் அஞ்ஞானம்’ என்ற பாதிரிமாருக்கு, எருசலேம் ஆலயத்தில் யூதர்கள் செய்த சடங்குகளை அவர்கள் வேதத்திலிருந்தே எடுத்துக் காட்டி, அது தேவ கட்டளை என்றால் இது மட்டும் எப்படித் தப்பு என்று மடக்கினார். வெறும் வசவு எழுதிப் போயிருந்தால் அந்த நூலை இன்று யாரும் பேசமாட்டார்கள்.

கேள்வி: அப்படியென்றால் அவரைச் சீர்திருத்தவாதி என்று சொல்லலாமா?

பதில்: வேண்டாம், அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். கோயிலில் ஆடு வெட்டுவதை எதிர்த்தார், திருவிழாவில் சதிர் என்ற தேவதாசி ஆட்டம் வைப்பதை எதிர்த்தார், ஆகமப்படி நடக்கவில்லை என்று நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையே விடவில்லை. இவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் சீர்திருத்தம் மாதிரித் தெரியும். ஆனால் அவருடைய அளவுகோல் சாஸ்திரம் ஒன்றுதான், அதே சாஸ்திரத்தைக் காட்டித்தான் சாதி ஆசாரத்தையும் கட்டிக் காத்தார். அவருடைய கல்வித் தொண்டு ஒடுக்கப்பட்ட மக்களைச் சேரவில்லை. ‘அந்தக் காலம் அப்படி’ என்று சமாதானம் சொல்வோரிடம் ஒன்று கேட்கலாம்: அதே காலத்தில்தானே சாதியை மறுத்த வள்ளலாரும் இருந்தார்?

கேள்வி: வள்ளலார் மேல் அவர் போட்ட வழக்கு என்ன ஆயிற்று? வள்ளலார் பாடல்கள் ‘அருட்பா இல்லை’ என்று நீதிமன்றம் சொன்னதா?

பதில்: எந்த நீதிபதியும் பாட்டைப் படித்து அருளா மருளா என்று தீர்ப்பெழுதவில்லை. தேவாரம், திருவாசகம் போன்ற திருமுறைகளுக்கு உரிய ‘அருட்பா’ என்ற பெயரை வாழ்கிறவர் ஒருவரின் பாடலுக்கு வைக்கலாமா என்பது நாவலரின் ஆட்சேபம், அது புத்தகச் சண்டை. 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு, சிதம்பரம் கோயிலில் தம்மை அவமதித்துப் பேசினார்கள் என்று நாவலர் போட்டது. மேடைப் பேச்சாளர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள், கதை சுவையாக இருக்கிறது என்பதால் நிற்கிறது.

கேள்வி: சைவர் அல்லாத எனக்கு நாவலரிடம் படிக்க என்ன இருக்கிறது?

பதில்: உரைநடை இருக்கிறதே! செய்யுளில் கிடந்த பெரியபுராணத்தைச் சாதாரண ஆள் படிக்கிற வசனமாக எழுதினார். ஒட்டிக் கிடந்த சொற்களின் புணர்ச்சியை வேண்டிய இடத்தில் பிரித்து, காற்புள்ளி அரைப்புள்ளி போட்டு அச்சிட்டார். பரிமேலழகர் உரையோடு திருக்குறளைப் பிழை பார்த்துப் பதிப்பித்தார். சிறுவர்களுக்குப் பாலபாடம், இலக்கணத்துக்கு இலக்கணச் சுருக்கம் என்று வகுப்பறைக்காகவும் எழுதினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, 1879இல் 57 வயது நிறைவதற்குள் இறந்துவிட்டார், அதற்குள் இத்தனையும்.

படிப்பதென்றால் பெரியபுராண வசனத்தில் கண்ணப்ப நாயனார் பகுதியிலிருந்து தொடங்குங்கள். வடசொல் நிறைய வரும், வாக்கியம் நீளும், முதல் சில பக்கம் மெதுவாகத்தான் போகும். பழைய பதிப்புகளின் நகல் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, வாங்க வேண்டியதில்லை.