மலிவான இணையமும் 28 நாள் மாதமும்

கேள்வி: எங்கள் வீட்டில் எனக்கும் கணவருக்கும் ஸ்மார்ட்போன், மாமியாருக்குப் பட்டன் போன். கணவருக்குக் கட்டட வேலை என்பதால் எல்லா நாளும் கூலி கிடைக்காது. மொபைல் இணையம் மிக மலிவாகக் கிடைக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்கிறார்கள். அப்படியானால் எங்கள் ரீசார்ஜ் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போவது ஏன்? (ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டதும் உண்மை, செலவு கையைக் கடிப்பதும் உண்மை. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்பு ஒரு ஜிபி டேட்டாவுக்கு ஏறத்தாழ 250 ரூபாய் கொடுத்தோம். அந்த நிறுவனம் 2017 மார்ச் வரை இலவசமாகக் கொடுத்து மற்றவர்களையும் விலையிறக்க வைத்தது. அந்தப் போட்டியில், தமிழ்நாட்டில் வலுவாக இருந்த ஏர்செல் 2018இல் திவாலானது. போட்டியாளர்கள் குறைந்த பிறகு கட்டணங்கள் படிப்படியாக ஏறின.

ஆனால் கவனிக்க வேண்டியது ஜிபியின் விலையை அன்று, வேலிடிட்டியின் விலையை. முன்பெல்லாம் பத்து ரூபாய் போட்டுவிட்டு மாதக்கணக்கில் அழைப்புகளைப் பெற்றுக்கொண்டிருந்தோம். 2018இன் இறுதியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் என்ற முறையைக் கொண்டுவந்தபோது அந்தக் காலம் முடிந்தது. 2024 ஜூலை உயர்வுக்குப் பின் ஜியோவின் 28 நாள் திட்டங்களில் மொத்தமே 2 ஜிபி தருவது 189 ரூபாய், நாளுக்கு ஒன்றரை ஜிபி தருவது 299 ரூபாய் என்றாயின. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பெரிய திட்டத்தில் ஒரு ஜிபி ஏழு ரூபாய்ச் சொச்சம், சிறிய திட்டத்தில் தொண்ணூற்று நான்குக்கும் மேல். அரிசி கிலோ மலிவுதான், ஆனால் மூட்டையாகத்தான் தருவேன், அதையும் 28 நாளுக்குள் சமைத்துத் தீர்க்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்வதைப் போன்றது இது. 28 நாள் கணக்கினால் ஆண்டுக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லக்கூடியது, இரண்டு ஸ்மார்ட்போன்களுக்கும் தினசரி டேட்டா போடாமல் ஒன்றுக்கு மட்டும் போட்டு, மற்றதை மாலையில் ஹாட்ஸ்பாட் வழியாக இணைத்துக்கொள்வதுதான். ஒன்றரை ஜிபியில் மிஞ்சுவது எப்படியும் நள்ளிரவில் காலாவதியாகிறது. 2024 ஜூலையில் கட்டணத்தை உயர்த்தாத பிஎஸ்என்எல் உங்கள் ஊரில் சரியாக எடுக்கிறதா என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவிட்டு, அதற்கு மாறுவதையும் யோசிக்கலாம். 1900 என்ற எண்ணுக்கு ‘போர்ட்’ (PORT) என்ற ஆங்கிலச் சொல்லையும் உங்கள் எண்ணையும் எஸ்எம்எஸ் அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வரும். ஆனால் மாறிய பிறகு 90 நாள் வேறு நிறுவனத்துக்குப் போக முடியாது.

கேள்வி: பட்டன் போனுக்கும் டேட்டாவுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா? (அதே வாசகி)

பதில்: வேண்டியதில்லை. அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டங்களைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டன. அப்போது ஜியோவின் திட்டம் 84 நாளுக்கு 448 ரூபாய், ஏர்டெல்லினது 469 ரூபாய். இன்றைய விலையைக் கடையில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஜியோ கணக்கில் 28 நாளுக்கு 149 ரூபாய் ஆனது, அதாவது டேட்டாவை முழுதாக விட்டுக்கொடுத்தும், மேலே சொன்ன 189 ரூபாய்த் திட்டத்தைவிட மிச்சம் நாற்பது ரூபாய்தான். கூலிக்குப் போகிறவர் மூன்று மாதத் தொகையை ஒரே தவணையில் புரட்ட வேண்டும் என்பதால், விதியின் நோக்கம் பாதிதான் நிறைவேறியிருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: டீக்கடையில் வைஃபை விற்கலாம் என்கிறார்களே, உண்மையா? (ஒரு வாசகர், அரூர்)

பதில்: உண்மைதான். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வானி திட்டத்தில், உரிமமோ கட்டணமோ இல்லாமல் எந்தக் கடைக்காரரும் தம் பிராட்பேண்ட் இணைப்பைச் சிறு சிறு கூப்பன்களாக விற்கலாம். அது பரவாததற்கு ஒரு காரணம், இத்தகைய கடைகளிடம் வீட்டு இணைப்பைவிடப் பன்மடங்கு அதிகக் கட்டணம் கேட்கப்பட்டதுதான். 200 எம்பிபிஎஸ் வேகம் வரையிலான இணைப்புகளுக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் டிராய் வரையறுத்திருக்கிறது. கடை வைத்திருப்பவர் என்றால், அந்த ஆணையைக் குறிப்பிட்டே உங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்திடம் விலை கேளுங்கள்.