புளிப்பில் எத்தனை புளிப்பு? – கப்பல் சமையல்காரர் பதில்கள்

சென்ற இதழில், "கடலில் இருந்த காலத்தில் நீங்கள் குடித்ததிலேயே விசித்திரமானது எது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "பெல்ஜியத்தில் மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்துப் புளிக்கவிட்ட பீர்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரி என்னை விடுவதாக இல்லை. இம்முறை வந்த தபால்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எல்லாக் கடிதத்தின் அடியிலும் ஒரே குறிப்பு: "பெயரைப் போட வேண்டாம்." ஆகையால் ஊர்ப் பெயர் மட்டும் போடுகிறேன்.

தண்டையார்பேட்டை வாசகர்: பீர் புளித்துவிட்டால் கெட்டுப்போய்விட்டது என்றுதானே பொருள்? அதை வாங்கிக் குடிப்பார்களா?

1989இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நானும் இதைத்தான் கேட்டேன். அப்போது கப்பலில் இரண்டாம் சமையல்காரன். சரக்கு இறக்க நான்கு நாள் ஆகும் என்றார்கள். கிரேன் ஓட்டும் பெரியவர் ஒருவர், என் கையால் மீன் குழம்பு சாப்பிட்ட நன்றிக்கு, என்னை ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப்போனார். முதல் மடக்கிலேயே என் முகம் கோணியது. கடைக்காரரைக் கூப்பிட்டு, கெட்டுப்போனதை மாற்றித் தரச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு சர்க்கரைக் கட்டிகளையும், அவற்றைக் கோப்பைக்குள்ளேயே நசுக்க ஒரு சிறு உலோகக் குச்சியையும் கொண்டுவந்து வைத்தார். புளிப்புத் தாங்காதவர்களுக்கு அப்படிக் கொடுப்பது பழைய பிரஸல்ஸ் வழக்கமாம்.

ராயபுரத்துக்காரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சர்க்கரையைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு மடக்குக் குடித்தேன். இந்த முறை நாக்குக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சித்திரை மாதக் காலையில் எங்கள் அம்மா பழைய சோற்றுப் பானையிலிருந்து மொண்டு கொடுக்கும் நீராகாரத்தின் தூரத்து உறவு அது.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: காற்றிலிருந்தே புளிக்கும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. நீங்கள் கேட்பது லாம்பிக் என்ற வகையை. முளைகட்டிய பார்லியும், அதில் ஏறக்குறைய பாதி அளவு முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அந்தக் கஞ்சித் தெளிவை மச்சில் இருக்கும் அகலமான, ஆழம் குறைந்த செப்புத் தொட்டியில் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இரவு முழுவதும் ஆறவிடுகிறார்கள். கடையில் வாங்கிய ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. காற்றில் மிதப்பவையும் அந்தக் கட்டடத்திலேயே குடியிருப்பவையுமான நுண்ணுயிர்கள் வந்து இறங்குகின்றன. காலையில் பீப்பாய்க்கு மாற்றிவிடுவார்கள். மீதி வேலை பீப்பாய்க்குள் நடக்கிறது.

இரவு குளிர்ந்தாக வேண்டும் என்பதால் ஏறத்தாழ அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மட்டுமே காய்ச்சுவார்கள். கசப்புக்காகப் பீரில் போடும் ஹாப்ஸ் பூவையும் இதற்குப் புதிதாகப் போடுவதில்லை. வருடக்கணக்கில் கிடந்து கசப்பு அடங்கிய பழைய பூதான் வேண்டும். கசப்புப் போனாலும் வேண்டாத கிருமியைத் தடுக்கும் குணம் அதில் மிச்சம் இருக்கும். நம் வீட்டில் ரசத்துக்குப் பழம்புளியைத் தேடுவதில்லையா, அந்த மாதிரி.

இது பிறந்த இடம் பிரஸல்ஸும் அதை ஒட்டிய சென்னே ஆற்றுப் பள்ளத்தாக்கும். ஆம், ஆற்றின் பெயர் சென்னே. பெயர் மட்டுமல்ல, தலையெழுத்தும் நமக்குத் தெரிந்ததுதான். நகருக்குள் சாக்கடையாகி நாறியதால் 1867 முதல் 1871 வரை வேலை பார்த்து அதை மூடி, மேலே பெரிய சாலைகளைப் போட்டுவிட்டார்கள். நான் முதலில் போனபோது ஆற்றைத் தேடி அரை மணி நேரம் சுற்றினேன். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் வளர்ந்தவனுக்குக் கூடவா புத்தி வராது?

காசிமேடு வாசகி: நான் குடிப்பதில்லை, குடிக்கவும் மாட்டேன். ஆனால் அந்தச் சுவை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. சமையலறைக்குள் புரியவைக்க முடியுமா?

இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான், அம்மா. மூன்று டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் இரண்டு நாள் புளித்த மோரைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றுங்கள். இரண்டாவதில் தண்ணீரில் நாலைந்து சொட்டு வினிகர். மூன்றாவதில் அரைநெல்லியை நசுக்கிப் பிழிந்த சாறு. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் வையுங்கள். மோரின் புளிப்பு நாக்கின் மேல் பரந்து உட்காரும். வினிகர் தொண்டைக்குப் போவதற்கு முன்பே மூக்கில் ஏறும். நெல்லி தாடையைக் கூச வைத்துவிட்டு, பின்னால் ஒரு துவர்ப்பை விட்டுச் செல்லும்.

முதலாவது லாக்டிக் அமிலம். தயிரை உறைய வைக்கும் கூட்டத்தின் உறவினர்களே பீப்பாயிலும் அதைச் செய்கிறார்கள். இரண்டாவது அசிட்டிக் அமிலம்; மரத்தின் வழியாகக் கொஞ்சம் காற்று நுழைந்தால் உண்டாவது. பெல்ஜியத்தின் மேற்கே பிளாண்டர்ஸ் பகுதியின் சிவப்பு பீர்களில் இந்த வினிகர் வாடை ஒரு கீற்று இருக்க வேண்டும். லாம்பிக்கில் அது தலை தூக்கினால் குறை. நகப்பூச்சு வாடையே வந்துவிட்டால் கழுவுத் தொட்டிதான் கதி. நெல்லியின் துவர்ப்பை எதற்குச் சொன்னேன் என்றால், ஓக் மரம் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது.

இவற்றோடு இன்னொரு வாடையும் உண்டு. அதை டம்ளரில் ஊற்றிக் காட்ட வழியில்லை. சின்ன வயதில் ஜட்கா வண்டி ஏறியவர்களுக்குக் குதிரை முதுகில் கிடக்கும் சாக்கின் வாசனை நினைவிருக்கும். பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் கொடுக்கும் வாசனை அதுதான். 1904இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் என்பவர், இங்கிலாந்தின் பழைய பீரிலிருந்து அதைப் பிரித்து, 'பிரிட்டிஷ் காளான்' என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார். லாம்பிக்கில் இருக்கும் இனத்துக்கு பிரஸல்ஸின் பெயர் ஒட்டிக்கொண்டது.

ராயபுரம் வாசகர்: நீங்கள் நம் பேட்டைக்காரர். சுற்றி வளைக்காமல், எது உசத்தி என்று சொல்லுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லத்தான் ஆசை. போன மாதம் என் அக்கா மகனும் அவன் மனைவியும் பிரஸல்ஸிலிருந்து வந்தார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால் ஆறு சின்ன பாட்டில்கள் வந்து இறங்கின. ஞாயிறு மாலை மொட்டை மாடியில் பாய் விரித்தேன். ஐந்தே நிமிடத்தில் காசிமேட்டுக் காற்று திரும்பியது. கருவாட்டு வாசனையில் எதை மோந்து பார்ப்பது? எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கீழே அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்தினோம். நான், என் மனைவி, அக்கா மகன், காசிமேட்டில் நாற்பது வருடம் மரப்படகு கட்டிய தச்சர் அண்ணன். கல்யாணத்தில் வந்த கண்ணாடி டம்ளர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தோம். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் புளிப்பு மட்டும்தான் தெரியும், மற்றவை எல்லாம் ஒளிந்துகொள்ளும்.

முதலில் பூன் என்ற தொழிற்சாலையின் கூஸ். கூஸ் என்பது ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆன லாம்பிக்குகளின் கலவை. இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி புளித்து நுரை தருகிறது. ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒவ்வொரு குணம். எதை எதோடு, எவ்வளவு சேர்ப்பது என்பது கலப்பவரின் நாக்கில் இருக்கிறது. பூனில் பம்பளிமாஸ் சுளையின் வாசனை, கொஞ்சம் வைக்கோல், முடிவில் மரம். எதுவும் மற்றதை மிதித்துக்கொண்டு நிற்கவில்லை.

அடுத்தது கான்டியோன் கூஸ். பிரஸல்ஸின் ஆண்டர்லெக்டில் 1900இல் தொடங்கிய குடும்பத் தொழிற்சாலை. 1978 முதல் அதுவே அருங்காட்சியகமும்கூட. பிந்திய ஒரு பயணத்தில் ஆன்ட்வெர்ப்பிலிருந்து ரயில் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறேன். பீப்பாய்களுக்கு நடுவே ஒட்டடை. பழ ஈக்களைப் பிடிப்பதால் சிலந்தியை விரட்டுவதில்லை என்றார்கள். என் மனைவியிடம் இதைச் சொல்லி வீட்டு ஒட்டடையைக் காப்பாற்றப் பார்த்தேன், நடக்கவில்லை. முப்பது வருடமாக, கேட்டவர்களிடமெல்லாம் கான்டியோன்தான் உசத்தி என்று சொல்லி வந்தவன் நான். அன்றைக்கு அது எலுமிச்சைத் தோலும் அரைநெல்லியுமாகப் பல்லைக் கூச வைத்தது, வேறெதையும் பேச விடவில்லை. தப்பு என் மேலும் இருக்கலாம். பெட்டியில் குலுங்கி வந்த பாட்டிலை இரண்டு வாரமாவது அசையாமல் வைத்திருக்க வேண்டும். நான் மூன்றாம் நாளே திறந்தேன். அடியில் இருந்த வண்டல் கலங்கி டம்ளரில் வந்தது.

மூன்றாவது ரோடன்பாக் கிராண்ட் குரு. மேற்கு பிளாண்டர்ஸில் ரூசலாரே ஊரில் தயாராவது. செம்பழுப்பு நிறம். மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடம் ஓக் தொட்டியில் கிடந்தது, ஒரு பங்கு இளசு. புளிப்புச் செர்ரி, மெல்லிய வினிகர், ஈரப்பலகை. தச்சர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "இதில்தான் மரம் பேசுகிறது" என்றார். அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் கையில் எடுக்கவில்லை.

நான்காவது டஷெஸ் டி பூர்கோன். பாட்டிலில் கையில் பருந்தோடு இருப்பவர் பர்கண்டியின் சீமாட்டி மேரி. வேட்டைக்குப் போனபோது குதிரையிலிருந்து விழுந்து 1482இல் இறந்தார், வயது 25. என் மனைவிக்கு இதுதான் பிடித்தது. எனக்கு இல்லை. புளிக்குழம்பில் வெல்லம் கொஞ்சம் கூடிப்போனது போல, புளிப்பு தலையை நீட்டும்போதெல்லாம் இனிப்பு வந்து அமுக்குகிறது. இதைச் சொன்னதற்கு, "உங்களுக்கு எதில்தான் இனிப்பு பிடித்திருக்கிறது?" என்று பதில் வந்தது.

ஐந்தாவது லீஃப்மான்ஸ் கௌடன்பான்ட், 8 சதவீதம். இது ஓக் பீப்பாய்க்குள் போகாத பீர். வித்தியாசம் தெரியட்டும் என்றுதான் வைத்தேன். பேரீச்சை, உலர்திராட்சை, வட்டமான புளிப்பு. நன்றாகவே இருந்தது, ஆனால் அந்த நெல்லித் துவர்ப்பு இல்லை. அங்கே 1946இல் அலுவலகச் செயலாளராகச் சேர்ந்த ரோசா மெர்க்ஸ் என்ற பெண்மணிதான் பின்னர் பீர் தயாரிப்பின் தலைமைக்கே வந்தவர். லேபிளில் அவர் கையெழுத்துப் போகும்.

ஆக, என் ஓட்டு பூனுக்கு. அக்கா மகன் கான்டியோன் என்கிறான். கிடைப்பதற்கு அரிதானது என்பதால் சொல்கிறானோ என்று எனக்குச் சந்தேகம்.

காசிமேட்டிலிருந்து இன்னொரு வாசகர்: அதே பீரை எவர்சில்வர் தொட்டியில் வைத்தால் ஆகாதா? மரம் எதற்கு?

எவர்சில்வரைத் தேய்த்துக் கழுவினால் அதில் எதுவும் தங்காது. மரத்தின் நுண்துளைகளில் போன வருடத்து உயிர்கள் குடியிருக்கின்றன. தயிர்ப்பானையை அம்மா ஏன் சாம்பல் போட்டுத் தேய்க்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது, மரம் கொஞ்சமாக மூச்சுவிடும். கொஞ்சம் காற்று போனால் சுவை, அதிகம் போனால் வினிகர். ரோடன்பாக்கில் கட்டடம் கட்டடமாக நிற்கும் ஓக் தொட்டிகள் 294. சில நூற்றைம்பது வயதைத் தாண்டியவை. சின்னப் பீப்பாயைவிடப் பெரிய தொட்டியில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் காற்று குறைவு. அவ்வளவு பெரிதாகக் கட்டுவதில் அந்த லாபமும் உண்டு. லாம்பிக்காரர்கள் பெரும்பாலும் ஒயின் கிடந்த பழைய பீப்பாயை வாங்குகிறார்கள், புது மரத்தின் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால்.

"தேக்கில் செய்தால் என்ன?" என்று தச்சர் அண்ணனிடம் கேட்டேன். "தேக்கின் எண்ணெய் வாசனையைக் குடிக்க முடியுமா உன்னால்?" என்றார்.

பெரம்பூர் வாசகர்: தொட்டுக்கொள்ள என்ன?

நெத்திலி வறுவலும் கான்டியோனும் ஜோடி. எண்ணெயை அந்தப் புளிப்பு அறுத்துவிடுகிறது. கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் போய் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்கி வந்தோம். அதிலிருந்த புளித்தண்ணீரும் பீரும் மோதிக்கொண்டன, வேண்டாம். பிரஸல்ஸில் ரொட்டிமேல் மென்மையான வெண்பாலாடைக் கட்டியைத் தடவி, முள்ளங்கியும் வெங்காயத்தாளும் வைத்துத் தருவார்கள். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரைப் பேக்கரி ரொட்டியில் தடவிப் பார்த்தேன். மாலை தீர்வதற்குள் தட்டு காலி.

திருவொற்றியூர் வாசகர்: வீட்டில் செய்யலாமா?

கூடாது, சட்டப்படி குற்றம். சட்டம் விட்டாலும் நம் ஊர் மார்கழி விடாது. அவர்களுடைய அக்டோபர் அளவுக்குக்கூட அது குளிராது.

எண்ணூர் வாசகி: குடிப்பதை இப்படி ருசித்து எழுதுவது சரியா? எங்கள் தெருவில் வந்து பார்த்தீர்களா?

பார்த்திருக்கிறேன், அம்மா. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேர்ந்த வாரங்களை விரல் விட்டு எண்ணலாம். உங்கள் கேள்விக்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. ஐந்து பாட்டில் சேர்த்து ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு, நான்கு பேர், மூன்று மணி நேரம். கடைசியில் கால்வாசியைக் கழுவுத் தொட்டியில் ஊற்றினோம். இதை மட்டும் சொல்ல முடியும்.

கொருக்குப்பேட்டை வாசகர்: ஆறு பாட்டில் வந்தால் ஐந்துதானே திறந்திருப்பீர்கள்? ஆறாவது எங்கே?

கடிதம் எழுதும்போது அந்தக் கணக்கு உங்களுக்கு எப்படித் தெரிந்தது? என் மனைவியின் தம்பி உங்கள் தெருவில்தான் இருக்கிறார், இருக்கட்டும். ஆறாவதும் பூன்தான். கூஸ் பாட்டில்களில் சிலவற்றுக்கு இருபது வருடக் கெடு போடுகிறார்கள், இருட்டும் குளிர்ச்சியும் அசையாமையும் இருந்தால். எங்கள் வீட்டில் இவை மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அரிசி டிரம்முக்குப் பின்னால் மட்டுமே. தரை ஓரம், ஈரத் துணி சுற்றி, படுத்த நிலையில் வைத்திருக்கிறேன். வடகம் டப்பாவை அங்கிருந்து நகர்த்திய விவகாரம் இன்னும் முடியவில்லை. சித்திரை வெயிலை அந்த பாட்டில் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.