மருத்துவம்: கேட்டீர்கள், சொல்கிறோம்

கே: சித்தப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று என்றுதான் மருத்துவமனையில் சேர்த்தோம். நாலாவது நாள் ‘மல்டி ஆர்கன் ஃபெயிலியர்’, அதாவது பல உறுப்புகள் செயலிழப்பு, என்கிறார்கள். கிருமி இருந்தது ஓரிடம், கெட்டது நுரையீரலும் கல்லீரலும். இது எப்படி?

ப: இதே கேள்வியில் மருத்துவர்களே பல வருஷம் குழம்பியிருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்த பிறகு தெரிய வந்த பிரச்சினை இது. அதற்கு முன்னால் அவ்வளவு மோசமான நிலையில் இருப்பவர் முதல் உறுப்பு நின்றதுமே இறந்துவிடுவார், அடுத்த உறுப்பின் முறையே வராது. வென்டிலேட்டரும் டயாலிசிஸும் ஆளைத் தாங்கிப் பிடிக்க ஆரம்பித்த பிறகு, 1973-இல் டில்னி என்ற அறுவை மருத்துவரும் சகாக்களும், வயிற்றுப் பெருந்தமனி வெடித்து ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோவதை எழுதினார்கள். எங்கோ சீழ் ஒளிந்திருக்கிறது என்று நினைத்து, சந்தேகத்தின் பேரிலேயே வயிற்றைத் திறந்து தேடிய காலம் உண்டு. 1985-இல் நெதர்லாந்தின் கோரிஸ் குழு, விபத்தில் அடிபட்டவர்களுக்குக் கிருமியே இல்லாமலும் இப்படி ஆகிறது என்று காட்டியது.

சரி, எப்படி? தொற்று ஓரிடத்தில் இருந்தாலும் அதை எதிர்த்து உடம்பு சுரக்கும் சைட்டோகைன்கள் (எதிர்ப்புச் செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள்) ரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகின்றன. அளவு மீறினால் நுண்குழாய்ச் சுவர்கள் கசியும், பிரஷர் இறங்கும், ஆங்காங்கே ரத்தம் உறையும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது இந்தக் கசிவால்தான். அடிபட்டவர்களிடம் நடப்பது இன்னும் விசித்திரம்: நசுங்கிய திசுவிலிருந்து, செல்லுக்குள் இருந்துகொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ ரத்தத்தில் கலக்க, மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியா வம்சம் என்பதால் உடம்பு அதையும் கிருமியாகவே எடுத்துக்கொள்கிறது என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. (நூறு கோடி வருஷத்துக்கு மேல் குடியிருந்தும் வாடகைக்காரர் வாடகைக்காரர்தான் போல.)

எனக்கு மிகவும் வியப்பானது இனிமேல்தான். இப்படி இறந்தவர்களின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தால், செத்த செல்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நெருக்கடியில் செல்கள் செலவைக் குறைத்துக்கொண்டு ஒருவித உறக்கத்துக்குப் போய்விடுகின்றன என்பது லண்டனின் மெர்வின் சிங்கர் போன்றவர்களின் கருத்து. முடிவாக நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் பிழைத்தவர்களுக்கு உறுப்புகள் சில வாரங்களில் மறுபடி வேலை செய்வதற்கு இது பொருந்தி வருகிறது.

கே: இதைத் தடுத்து நிறுத்த மருந்தே இல்லையா?

ப: நேரடியாக இல்லை. முயற்சிக்குக் குறைவும் இல்லை. ட்ரோட்ரெகோஜின் ஆல்ஃபா என்ற விலை உயர்ந்த மருந்து 2001-இல் அனுமதி பெற்றது. மறுபடி சோதித்தபோது உயிரைக் காக்கவில்லை என்று தெரிந்து 2011-இல் திரும்பப் பெற்றார்கள். வைட்டமின் சி ஊசியைப் பற்றி எவ்வளவு பேச்சு! 2022-இல் வந்த லோவிட் என்ற ஆய்வில், அதைப் போட்டுக்கொண்டவர்களிடம்தான் இறப்பும் நீடித்த உறுப்புச் செயலிழப்பும் சேர்ந்த கணக்கு அதிகமாக இருந்தது.

பலன் தந்தவை பெரும்பாலும் ஆடம்பரம் இல்லாதவை. வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் ஊதும் காற்றை, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6 ஆகக் குறைத்தபோது, நுரையீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களின் இறப்பு சுமார் 40 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியது. 2000-ஆம் ஆண்டு ஆய்வு அது, ஒரு புது மருந்தும் இல்லை. அப்புறம், ஆன்டிபயாடிக்கை மணிக்கணக்கில் தள்ளிப்போடாமல் கொடுப்பது, தொற்றின் ஊற்றைச் சரிசெய்வது. உங்கள் சித்தப்பா மாதிரி ஒருவருக்குச் சிறுநீர்க் குழாயில் கல் அடைத்துக்கொண்டிருந்தால், அந்த அடைப்பை விலக்காமல் மருந்து மட்டும் கொடுத்துப் பிரயோஜனமில்லை.

கே: டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டால் வாழ்நாள் முழுவதுமா?

ப: பொதுவாக இல்லை. முன்பு சிறுநீரகம் நன்றாக இருந்து, இதிலிருந்து பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லாமல் போகிறது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் கதை வேறு. ‘பிழைப்பாரா’ என்று கேட்டால் டாக்டரால் பதில் சொல்ல முடியாது, அதனால் உறுப்புகள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று அளக்கும் சோஃபா ஸ்கோர் நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கேளுங்கள். ஆறு உறுப்பு மண்டலங்களுக்கு தலா 0 முதல் 4 வரை, மொத்தம் 24; எண் இறங்கிக்கொண்டே வந்தால் நல்ல பக்கம் திரும்புகிறார் என்று அர்த்தம்.